ஏழு அறைகள் மூன்றானபோது: ஷ்ராப்ஷயரில் ஒரு பழைய மாளிகையின் விருந்தோம்பல்

அவர்கள் என்னை அழைத்தது கணக்குப் பார்க்கத்தான். "அறைகள் நிரம்பிக்கொண்டே வருகின்றன, பணம் மட்டும் தங்குவதில்லை. எங்கே போகிறது என்று பார்த்துச் சொல்லுங்கள்" என்று வீட்டம்மா தொலைபேசியில் கேட்டார். அது 2016 நவம்பர். இங்கிலாந்தில் சிறிய விடுதிகளுக்குக் கணக்கு எழுதுவது என் தொழில். இரண்டு நாள் தங்கிப் புத்தகங்களைப் பார்த்துவிட்டுத் திரும்பலாம் என்று போனேன். ஏழு வருடத்துக்கு மேல் அந்த வீட்டோடு பழகிய பிறகு இதை எழுதுகிறேன்.

வீட்டின் பெயரையும் உரிமையாளர்களின் பெயரையும் அவர்கள் கேட்டுக்கொண்டபடி விட்டுவிடுகிறேன். இங்கிலாந்தின் ஷ்ராப்ஷயர் மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில், வேல்ஸ் எல்லைக்கு வெகு அருகில் இருக்கிறது. முன்பக்கம் பதினெட்டாம் நூற்றாண்டுச் செங்கல் முகப்பு. பின்பக்கம் அதைவிட மூத்த மரச்சட்டக் கட்டு. முகப்பைப் பார்த்தால் மாடியில் ஐந்து ஜன்னல்கள். ஆனால் இரண்டில் கண்ணாடி கிடையாது, செங்கல்தான். இங்கிலாந்தில் 1696 முதல் 1851 வரை ஜன்னல்களை எண்ணி வரி போட்டார்கள். அந்த வரிக்குப் பயந்து அடைத்ததா, முகப்பு ஒழுங்காகத் தெரிய வேண்டும் என்று கட்டும்போதே குருட்டு ஜன்னலாக விட்டதா என்று வீட்டுக்காரரும் விருந்தினர்களும் காலை உணவின்போது இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள்.

இந்த அளவு வீடுகள் தப்பிப் பிழைத்ததே பெரிய விஷயம். 1894-ல் வந்த எஸ்டேட் டியூட்டி என்னும் வாரிசு வரி, இரண்டாம் உலகப் போருக்குப் பின் மிகப் பெரிய சொத்துகளுக்கு 80 சதவீதம் வரை ஏறியது. வீட்டு வேலைக்கு ஆட்கள் கிடைப்பதும் நின்றுபோனது. நூற்றுக்கணக்கான கிராமத்து மாளிகைகளை இடித்தே விட்டார்கள். 1974-ல் லண்டனின் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் அந்த அழிவையே ஒரு கண்காட்சியாக வைத்தது. நம் வீட்டில் வீட்டம்மாவின் அத்தை, மாடிகளைப் பூட்டிவிட்டுக் கீழே நான்கு அறைகளில் வாழ்ந்து முடித்தார். அவரிடமிருந்து வீட்டம்மாவுக்கு வந்த வீட்டை, ஓய்வு பெற்ற நர்ஸான அவரும் அவருடைய ஆசிரியர் கணவரும் 2014 வசந்தத்தில் பெட் அண்ட் பிரேக்ஃபாஸ்டாகத் திறந்தார்கள். இரவு தங்க அறை, காலையில் வயிறார உணவு, விருந்தினர் இருக்கும் அதே கூரையின் கீழ் வீட்டுக்காரர்களும் வாழ்வது. அந்தக் கடைசி அம்சம்தான் இதை ஓட்டலிலிருந்து பிரிக்கிறது. வீட்டைப் பழுதுபார்க்க வேறு வருமானம் அவர்களுக்கு இல்லை. அதனால் படுக்கை போட முடிந்த எல்லா அறைகளையும் திறந்தார்கள். முதல் மாடியில் ஐந்து, மேல்மாடியில் கூரைக்கடியில் இரண்டு.

முதல் இரவு

நான் போய்ச் சேர்ந்தபோது கதவைத் திறந்த வீட்டம்மாவின் ஒரு கையில் தொலைபேசி, இன்னொரு கையில் சாவி. பேசிக்கொண்டே புன்னகைத்தார், மாடியைக் காட்டினார், இரண்டாவது கதவு என்று சைகை செய்தார், உள்ளே போய்விட்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. காலை ஐந்தரைக்கு எழுந்தவர் அவர்.

அறை அழகாகத்தான் இருந்தது. நான்கு தூண் கட்டில், உயரமான ஜன்னல், தோட்டத்தைத் தாண்டி மலைச்சரிவு. ஆனால் கதவைத் திறந்ததுமே மூக்கில் ஓதத்தின் வாடை. கட்டிலுக்குப் பின்னால் சுவர்க் காகிதத்தின் கீழ் ஓரம் சுருண்டு நின்றது. அதைத் தூக்கிப் பார்த்தால் கறுப்புப் பூஞ்சணம். மூலையில் ஒரு மின்சார ஹீட்டர் முழு மூச்சில் ஓடியது. காற்று சூடு, சுவர் குளிர். காலையில் ஜன்னல் கண்ணாடி அழுதுகொண்டிருந்தது. ஏழரை மணிக்குக் குளிக்கப் போனால் வெந்நீர் தீர்ந்திருந்தது.

காலை உணவுக்கு வந்த ஒரு தம்பதியர் மெல்லிய குரலில் வெந்நீர் பற்றிச் சொன்னார்கள். வீட்டுக்காரர் முகம் வாடிப்போய் மன்னிப்புக் கேட்டார். அடுத்த மேஜையிலும் அதே மன்னிப்பு. அன்று காலை அவர் நான்கு முறை மன்னிப்புக் கேட்டதைப் பார்த்தேன். வரவேற்பு என்பது அந்த வீட்டில் மன்னிப்பாகச் சுருங்கிவிட்டது என்று என் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். கணக்குப் புத்தகத்தை அதற்குப் பிறகுதான் திறந்தேன்.

வெந்நீர்த் தொட்டி சொன்ன கணக்கு

பணம் எங்கே போகிறது என்பது ஒரு மணி நேரத்தில் தெரிந்துவிட்டது. அந்த ஆண்டு வாட் என்னும் மதிப்புக்கூட்டு வரிப் பதிவுக்கான எல்லை, பன்னிரண்டு மாத விற்பனையில் 83,000 பவுண்டு. ஏழு அறைகளும் சேர்ந்து அந்தக் கோட்டைக் கொஞ்சம் தாண்டியிருந்தன. தாண்டிய பிறகு விருந்தினர் கொடுக்கும் ஒவ்வொரு 120 பவுண்டிலும் 20 பவுண்டு அரசுக்குப் போகும். விலையை ஏற்றிச் சமாளிக்கலாம் என்றால், வெந்நீர் இல்லாத வீட்டில் விலையை எப்படி ஏற்றுவது? முன்பதிவுத் தளங்கள் ஏறத்தாழ 15 சதவீதம் எடுத்துக்கொண்டன. கட்டிய வாட்டைத் திரும்பப் பெறலாமே என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: விருந்தினர் வீட்டின் பெருஞ்செலவு உழைப்பும் உணவும். கூலிக்கு வாட் இல்லை, பெரும்பாலான மளிகைக்கும் இல்லை. திரும்பப் பெற அதிகம் இருக்காது.

ஆனால் வரியை விட என்னை அதிகம் உலுக்கியது சமையலறைக்குப் பின்னால் இருந்த அலமாரி. அதற்குள் 300 லிட்டர் வெந்நீர்த் தொட்டி. நுண்ணுயிர் வளராமல் இருக்க அதை 60 டிகிரியில் வைக்க வேண்டும். ஒருவர் எட்டு நிமிடம் குளித்தால், நிமிடத்துக்கு 9 லிட்டர் வீதம் 72 லிட்டர். அதில் தண்ணீர்க் குழாயின் குளிர்நீரும் கலந்திருக்கும்; தொட்டியிலிருந்து வருவது சுமார் பத்தில் ஆறு பங்கு, அதாவது 43 லிட்டர். பதினான்கு பேருக்கு 600 லிட்டர். இருப்பது 300. ஏழாவது ஆள் குளித்து முடிக்கும்போது தொட்டி காலி. ஒவ்வொரு காலையும் பாதிப் பேர் குளிர்நீரில் நிற்பார்கள் என்பது அந்த வீடு நிரம்பும் நாளெல்லாம் நடந்தே தீரும் விஷயம். யாரும் தவறு செய்யவே வேண்டாம்.

அடுத்து படுக்கை. ஓர் அறையை விரிப்பு மாற்றி, குளியலறை கழுவி, தூசி தட்டி முடிக்க முக்கால் மணி நேரம். ஏழு அறைக்கு ஐந்தேகால் மணி நேரம். விருந்தினர் கிளம்புவது பத்தரைக்கு, புதியவர்கள் வருவது நான்கு மணிக்கு. இடையில் இருப்பது ஐந்தரை மணி நேரம். பகுதி நேரமாக வரும் உதவியாளர் ஒரு நாள் வராவிட்டால் வீட்டம்மா மதியச் சாப்பாடு சாப்பிடாமல் நான்கு மணிக்குக் கதவு திறப்பார். என்னை வரவேற்ற முகம் அப்படி இருந்ததற்கு இதுதான் காரணம்.

இரண்டாம் நாள் இரவு சமையலறை மேஜையில் உட்கார்ந்து சொன்னேன். மூன்று அறை. ஆறு பேர். ஆறு பேருக்கு 43 லிட்டர் வீதம் 258 லிட்டர். தொட்டியில் மிச்சமும் இருக்கும். விற்பனை வாட் எல்லைக்குள் இறங்கிவிடும். உரிமையாளர் அதே வீட்டில் குடியிருந்து, ஒரே நேரத்தில் ஆறு பேருக்கு மேல் தங்க வைக்காமல், வாடகைக்கு விடுவது சொந்த வாழ்க்கைக்கு இரண்டாம்பட்சமாக இருந்தால், இங்கிலாந்தில் வணிகச் சொத்து வரியும் அந்த வீட்டுக்குப் பொருந்தாது. மேல்மாடிக்கு ஒரே ஒரு குறுகலான படிக்கட்டு. 2005-ன் தீப் பாதுகாப்பு ஆணைப்படி அந்த இரண்டு அறைகளை ஒழுங்காக வைத்திருக்க வேண்டுமானால் கதவுகளையும் படிக்கட்டையும் மாற்ற வேண்டும், அதைப் பழைமை கெடாமல் செய்ய வேண்டும். அவற்றைப் பூட்டிவிட்டால் அந்தச் செலவும் இல்லை.

வீட்டுக்காரர் எழுந்து வெளியே போய்விட்டார். மேல்மாடி அறைகளுக்கு அவர் தன் கையால் வண்ணம் அடித்திருந்தார் என்பதை அப்புறம்தான் வீட்டம்மா சொன்னார். பிப்ரவரியில் அவரே அழைத்தார். "அந்த இரண்டையும் பூட்டிவிட்டேன். மற்ற இரண்டையும் நீங்களே வந்து பூட்டுங்கள், என்னால் முடியவில்லை" என்றார். போய்ப் பூட்டினேன்.

சுவர்

பணத்தைச் சரிசெய்தால் வீடு சரியாகிவிடும் என்று நான் நினைத்ததுதான் இந்த ஆய்வில் என்னுடைய பெரிய பிழை. மீதமிருந்த மூன்று அறைகளிலும் ஓதம் அப்படியே இருந்தது. அவர்கள் ஏற்கெனவே ஒரு நிறுவனத்துக்குப் பணம் கொடுத்துச் சுவரின் அடியில் வரிசையாகத் துளையிட்டு, ஓதத்தைத் தடுக்கும் மருந்து ஏற்றியிருந்தார்கள். ஓதம் ஒரு அங்குலம்கூட இறங்கவில்லை.

பழைய கட்டடங்களில் சுண்ணாம்பு வேலை செய்யும் ஒரு முதிய கொத்தனாரைத் தேடிப் பிடித்தோம். வந்தவர் எந்த அளவீட்டுக் கருவியும் எடுக்கவில்லை. ஒரு சிறிய சுத்தியலால் வெளிச்சுவரைத் தட்டிக்கொண்டே வீட்டைச் சுற்றி நடந்தார். சில இடங்களில் கெட்டியான ஓசை. பல இடங்களில் காலிப் பானையைத் தட்டியதுபோல் வெற்று ஓசை. 1970-களில் அத்தை நல்ல எண்ணத்தோடுதான் வெளிச்சுவர் முழுவதும் சிமென்ட் பூசவைத்திருந்தார். உள்ளே ஜிப்சம் பூச்சு. போர்ட்லண்ட் சிமென்டுக்கு முதல் காப்புரிமை பெறப்பட்டது 1824-ல். இந்த வீடு அதைவிட மூத்தது. சுண்ணாம்புச் சாந்தில் எழுந்த கெட்டிச் சுவர், மழையை உறிஞ்சும், வெயிலில் வெளியே விடும். மூச்சு விடும் உடம்பு அது. சிமென்ட் அதன் வாயைப் பொத்திவிட்டது. பூச்சின் மயிரிழை விரிசல்களில் நுழைந்த மழை வெளியேற வழியில்லாமல் உள்பக்கம், கட்டிலின் தலைமாட்டுக்கு, வந்து சேர்ந்தது.

பின்சுவரில் ஓரிடத்தில் உளியை நெம்பியதும் கதவளவு பூச்சு பலகையாகக் கழன்று விழுந்தது. அதன் பின்னால் செங்கல் கறுத்திருந்தது. கையை வைத்தேன். கிணற்று உறையைத் தொட்டதுபோல் குளிர்ந்து நசநசத்தது. இரண்டு வாரமாக மழையே பெய்திருக்கவில்லை.

பாதுகாக்கப்பட்ட கட்டடங்களின் பட்டியலில் இரண்டாம் தரத்தில் உள்ள வீடு இது. இங்கிலாந்தில் பட்டியலில் உள்ள கட்டடங்களில் பத்தில் ஒன்பதுக்கு மேல் இந்தத் தரம்தான். இரண்டாம் தரம் என்பதால் சட்டம் இளகாது. 1990-ன் சட்டப்படி, கட்டடத்தின் தன்மையை மாற்றும் வேலையை அனுமதியின்றிச் செய்வது குற்றவியல் குற்றம். விண்ணப்பத்துக்குக் கட்டணம் கிடையாது, எட்டு வாரத்தில் முடிவு சொல்ல வேண்டும் என்பது விதி. பலரும் உள்ளூர் கவுன்சிலின் பழைய கட்டடப் பாதுகாப்பு அதிகாரியை எதிரியாக நினைத்து ஒளிந்துகொள்கிறார்கள். நான் பார்த்தவரை, முதலிலேயே அவரை அழைத்துத் தேநீர் கொடுத்துச் சுவரைக் காட்டுவதுபோல் மிச்சப்படுத்தும் வழி வேறில்லை. சிமென்டை எடுத்துவிட்டுச் சுண்ணாம்பு பூசப் போகிறோம் என்றதும் அந்த அதிகாரி அம்மாளின் முகம் மலர்ந்துவிட்டது. ஆனால் பணத்தில் அவரால் உதவ முடியாது. பட்டியலில் உள்ள கட்டடங்களில் அனுமதி பெற்ற மாற்றங்களுக்கு ஒரு காலத்தில் வாட் இல்லாமல் இருந்தது. 2012 அக்டோபரில் அந்தச் சலுகையை நீக்கிவிட்டார்கள்.

அடுத்த சிக்கல் நாட்காட்டி. சுண்ணாம்பு வேலையை உறைபனிக் காலத்தில் செய்யக்கூடாது. 5 டிகிரிக்குக் கீழே போனால் பூச்சு பிடிக்காமல் உதிர்ந்துவிடும். ஆக ஏப்ரலுக்கும் செப்டம்பருக்கும் இடையில்தான். அதுவேதான் விருந்தினர் வரும் பருவம். கூரையின் ஈயத் தகட்டுப் பள்ளங்களைப் பழுதுபார்க்கலாம் என்று 2018 ஜூனுக்கு நாள் குறித்தால், கூரைக்கடியில் லாட மூக்குச் சிறு வௌவால்கள் குட்டிகளோடு தொங்கிக்கொண்டிருந்தன. 1981-ன் வனவிலங்குச் சட்டம் அவற்றைக் காக்கிறது. குட்டிகள் பறக்கும்வரை கூரையைத் தொட முடியாது. சுவருக்கு வேண்டியது கோடை, கூரைக்கு வேண்டியது இலையுதிர் காலம், கைக்கு வேண்டிய பணம் வருவதும் கோடை. பழைய வீட்டில் விடுதி நடத்த நினைப்பவர்கள் வரவு செலவுத் திட்டத்துக்கு முன்னால் இந்த மூன்று காலங்களையும் ஒரே தாளில் எழுதிப் பார்க்க வேண்டும். இவர்கள் 2017-ல் ஏப்ரல் முதல் பத்து வாரம் வீட்டை மூடினார்கள். கூரையை 2018 அக்டோபரில் முடித்தார்கள்.

ஓதம் உடனே போய்விடவில்லை. சுவர் ஓர் அங்குலம் காய ஒரு மாதம் என்பது கொத்தனார் சொன்ன கணக்கு. பதின்மூன்று அங்குலச் சுவர். வருடத்துக்கு மேல் ஆகும். அதுவரை சுவர்க் காகிதம் கூடாது, பிளாஸ்டிக் வண்ணம் கூடாது, வெறும் சுண்ணாம்புப் பால்தான். ஹீட்டர்களைத் தூக்கிப் போட்டுவிட்டு ரேடியேட்டர்களை நாள் முழுவதும் மெல்லிய சூட்டில் ஓடவிட்டார்கள். விருந்தினர் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்பு அறையைக் கொதிக்கவைத்தால் காற்றுதான் சூடாகும். சுவர் குளிர்ந்தே இருக்கும், அந்தக் காற்றின் ஈரம் சுவரில் வந்து படியும். முதல் இரவு நான் கண்ட அழும் ஜன்னலின் காரணம் அது. ஜன்னல்களின் உள்பக்கம் மடிப்பு மரக்கதவுகள் இருப்பதே யாருக்கும் தெரியாது, அத்தனை முறை வண்ணம் பூசி ஒட்டிப்போயிருந்தன. வீட்டுக்காரர் ஒரு மெல்லிய கத்தியால் இடுக்கு இடுக்காக வண்ணத்தைக் கீறி, இரண்டு வாரம் எடுத்துக்கொண்டு, ஆறு ஜோடிக் கதவுகளையும் விடுவித்தார். இரவில் அவற்றை மூடினால் ஜன்னலோரக் குளிர் பெருமளவு நின்றுவிடுகிறது.

முன்னதாகச் சொல்லிவிடுவது

மறுபடி திறக்கும்போது ஒரு அறையின் சுவரில் ஓதத்தின் பழைய கோடு இன்னும் தெரிந்தது. அதை மறைக்க அலமாரியை நகர்த்தலாமா என்று வீட்டம்மா கேட்டார். காய்கிற சுவரை அலமாரி வைத்து அடைக்கக்கூடாது என்று கொத்தனார் தடுத்துவிட்டார். வேறு வழியில்லாமல் ஒரு சிறிய அட்டையில், இந்தச் சுவர் நாற்பது வருடத்துக்குப் பிறகு மூச்சு விடுகிறது, காய்ந்துகொண்டிருக்கிறது, இந்தக் கோடு ஒவ்வொரு மாதமும் கொஞ்சம் இறங்குகிறது என்று எழுதி வைத்தார். விருந்தினர்கள் அந்தக் கோட்டைப் பார்க்க நண்பர்களை மாடிக்கு அழைத்துப்போனார்கள். திரும்ப வந்தவர்கள் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று முதலில் அதைத்தான் கேட்டார்கள். முந்தைய வருடம் இதே கோட்டுக்காகப் பணத்தைத் திருப்பிக் கேட்டவர்கள் உண்டு.

அந்த அட்டையிலிருந்து பிறந்ததுதான், முன்பதிவு செய்யும் ஒவ்வொருவருக்கும் இன்று போகும் கடிதம். அதன் நடுப்பகுதியை அவர்கள் அனுமதியோடு தமிழில் தருகிறேன்:

"மாடிக்குப் பதினேழு படிகள்; உயரம் ஒன்றுபோல் இராது, மூன்றாவது படி மற்றவற்றைவிடத் தாழ்வு. உங்கள் அறையின் தரை ஜன்னல் பக்கம் சரிந்திருக்கும். பேனாவை மேஜையில் வைத்தால் உருளும். வெந்நீர் குழாய்க்கு வர ஒரு நிமிடம் ஆகும், வந்தபின் தீராது. கோடை இரவில் மேலே சிறு சலசலப்புக் கேட்டால் அவை வௌவால்கள், உள்ளே வரமாட்டா. செல்போன் சமையலறைத் திண்ணையில் மட்டும் வேலை செய்யும். படி ஏற முடியாதவர்களுக்கு இந்த வீடு ஏற்றதல்ல. அவர்களுக்கு அருகில் தரைத்தள அறை எங்கே கிடைக்கும் என்று கேளுங்கள், தேடித் தருகிறோம்."

இதை அனுப்பினால் வருகிறவர்களும் வரமாட்டார்கள் என்று வீட்டுக்காரர் அஞ்சினார். சிலர் முன்பதிவை ரத்து செய்யத்தான் செய்தார்கள். அவர்கள் வந்திருந்தால் முதல் இரவே வருத்தப்பட்டிருப்பார்கள். அகலக் கோணத்தில் அறையைப் பெரிதாகக் காட்டிய படங்களையும் எடுத்துவிட்டு, கதவருகே நின்றால் கண்ணுக்கு எப்படித் தெரியுமோ அப்படி எடுத்த படங்களைப் போட்டார்கள். பழைய வீட்டின் குறை வாசலில் தெரியவந்தால் அது ஏமாற்றம்; வீட்டிலிருந்து கிளம்புமுன்பே தெரிந்தால் அது அந்த வீட்டின் குணம். இந்த ஒரு மாற்றத்துக்கு ஆன செலவு எதுவுமில்லை. முதல் வருடத்திலேயே ஏன் எனக்குத் தோன்றவில்லை என்று இப்போதும் வருந்துகிறேன்.

நனைந்த பூட்ஸ்

வீட்டுக்குச் சற்றுத் தள்ளி ஆஃபாஸ் டைக் நடைபாதை போகிறது. எட்டாம் நூற்றாண்டில் எழுப்பப்பட்ட மண்கரையை ஒட்டி, 1971-ல் திறக்கப்பட்ட 177 மைல் பாதை. வருகிறவர்களில் பாதிப் பேர் நடைப்பயணிகள். நாள் முழுவதும் சேற்றில் நடந்து மாலையில் கதவைத் தட்டுகிறவருக்குத் தேவைப்படுவது பழைய ஓவியங்களின் வரலாறு அல்ல.

2017-க்குப் பிறகு ஒரு மாலை நான் வரவேற்பறை மூலையில் உட்கார்ந்து பார்த்ததைச் சொல்கிறேன். நான்கு மணிக்கு வீட்டம்மா தொலைபேசியைச் சமையலறை இழுப்பறையில் போட்டு மூடினார். நான்கிலிருந்து ஏழுவரை அது அங்கேதான். ஐந்து மணிக்குக் கதவு தட்டப்பட்டது. முதுகுப் பையோடு அறுபது வயதுப் பெண்மணிகள் இருவர். எங்கிருந்து வருகிறீர்கள் என்று அவர் கேட்கவில்லை. "நனைந்துவிட்டீர்களா? பையைக் கொடுங்கள்" என்றார். வாசலுக்குள் ஒரு மர பெஞ்சு. உட்கார்ந்ததும் வீட்டுக்காரர் வந்து பூட்ஸை வாங்கிக்கொண்டார். உள்ளங்கால் அட்டையை உருவி எடுத்து, பழைய செய்தித்தாளைக் கசக்கி முன்விரல் இடம்வரை திணித்து, பாய்லர் அறைத் தரையில் வைத்தார். ரேடியேட்டர் மேல் வைப்பதில்லை, தோல் வெடித்துவிடும். ஒன்பது மணிக்கு ஒருமுறை போய் ஈரத்தாளை எடுத்துவிட்டு உலர்ந்த தாளைத் திணித்தார். அதற்குள் மேலே தேநீர் போயிருந்தது, ரேடியேட்டரின் திருகு எந்தப் பக்கம் என்று காட்டியாகிவிட்டது, குழாயைத் திறந்து வெந்நீர் வரும்வரை அருகில் நின்றாகிவிட்டது. இத்தனைக்கும் பத்து நிமிடம். பெயர், குடியுரிமை விவரங்களை எழுதிக்கொண்டது அதன் பிறகுதான். பதினாறு வயது நிரம்பிய ஒவ்வொரு விருந்தினருக்கும் அதைப் பதிந்து ஒரு வருடம் வைத்திருக்க வேண்டும் என்பது 1972-ன் விதி. முன்பு வாசலிலேயே நிற்கவைத்து எழுதுவார்கள். நனைந்தவரை நிற்கவைத்துப் பேரேடு எழுதும் வழக்கத்தை முதலில் நிறுத்தச் சொன்னது நான்தான்.

ஒன்பது மணிக்குப் பிறகு இருவரும் விருந்தினர் கூடத்துக்குள், அழைத்தால் தவிரப் போவதில்லை. ஓயாமல் வந்து வந்து விசாரிப்பதும் விருந்தினரைக் களைப்பாக்கும்.

காலை உணவில் பெரிய மாற்றம் ஒரு சீட்டு. என்ன வேண்டும், எத்தனை மணிக்கு என்று முந்தைய இரவே எழுதி வாங்கிவிடுகிறார்கள். பன்றி இறைச்சித் தொத்திறைச்சி, பேக்கன், காளான், தக்காளி எல்லாம் அடுப்பில் காத்திருக்கும், முட்டை காத்திருக்காது. ஆள் நாற்காலியில் அமர்ந்த பிறகே முட்டையை உடைப்பது என்பது வீட்டம்மாவின் பிடிவாதம். பதினான்கு பேருக்கு அது நடக்காது, ஆறு பேருக்கு நடக்கும். தொத்திறைச்சியில் கோதுமையும் சல்பைட்டும் இருக்கலாம் என்பதால் வாங்கிய பொட்டலத்தின் லேபிளை வெட்டிச் சுவரில் குத்திவைத்துவிடுகிறார். சட்டம் பட்டியலிடும் ஒவ்வாமைப் பொருட்கள் பதினான்கு. கேட்கிறவரிடம் நினைவிலிருந்து பதில் சொல்வதில்லை, சுவரைப் பார்த்துச் சொல்கிறார். நர்ஸ் வேலையில் வந்த பழக்கம்.

இரவு உணவும் கொடுத்துப் பார்த்தார்கள், 2018-ல் ஒரு பருவம் முழுக்க. நல்ல சாப்பாடு. ஆனால் இரவு பதினொன்றுக்குப் பாத்திரம் கழுவியவர் காலையில் முட்டை உடைக்கும்போது முகத்தில் அது தெரிந்தது. நிறுத்திவிட்டார்கள். இப்போது கிராமத்து மதுக்கடைக்குப் போகிறவர்களிடம் ஒரு டார்ச் விளக்கைக் கொடுத்து அனுப்புகிறார்கள்.

மொத்த வரவு ஏழு அறைக் காலத்தை எட்டவே இல்லை. விலையை ஏற்றியும் அதற்குக் கீழேதான். ஆனால் வருட முடிவில் கையில் நிற்பது அப்போதைவிடக் கூடுதல். ஞாயிறு இரவும் திங்கள் இரவும் வீடு அவர்களுடையது மட்டும். 2020-ல் மார்ச் கடைசியிலிருந்து ஜூலை 4 வரை விடுதிகள் மூடிக் கிடந்தபோது, ஏழு அறைகளின் செலவோடு இருந்திருந்தால் வீட்டை விற்றிருப்போம் என்று வீட்டுக்காரர் சொன்னார். அந்த மாதங்களில் வாரம் ஒருமுறை மூன்று குளியலறைகளிலும் குழாய்களைத் திறந்து ஓடவிட்டுக்கொண்டிருந்தார், தேங்கிய நீரில் கிருமி வளராமல் இருக்க. ஆளில்லாத வீட்டில் அந்தத் தண்ணீர்ச் சத்தம்தான் துணையாக இருந்தது என்றார்.

தீராதவை

படிக்கட்டுக்கு விடை கிடைக்கவில்லை. மூன்றாவது படியில் ஒருவர் தடுக்கி விழுந்தார். நல்லவேளை, கைப்பிடி கையில் இருந்தது. படியை மாற்ற அனுமதி கேட்கவும் அவர்களுக்கு மனமில்லை. ஒவ்வொரு படியின் ஓரத்திலும் விழும்படி தாழ்வான விளக்கு வைத்திருக்கிறார்கள். முழங்கால் வலியோடு வருகிறவர்களைத் திருப்பி அனுப்புவது வீட்டம்மாவுக்கு இன்றும் வலிக்கிறது. கீழ்த்தளத்தில் ஓர் அறையை மாற்றலாம் என்ற பேச்சு இருக்கிறது, பணம் இல்லை. அவருக்கு இப்போது வயது அறுபத்தாறு. பிள்ளைகள் வெளியூரில்.

2024 மார்ச்சில் கணக்கு முடிக்கப் போயிருந்தேன். ஏப்ரல் முதல் வாட் எல்லை 85,000-லிருந்து 90,000 பவுண்டாக உயர்கிறது என்ற அறிவிப்பு அப்போதுதான் வந்திருந்தது. நான்காவது அறையைத் திறந்தாலும் இப்போது எல்லைக்குள் நிற்கும் என்று கணக்குப் போட்டுக் காட்டினேன். அந்த அறையும் காய்ந்து, சுண்ணாம்புப் பால் பூசி, தயாராகத்தான் இருந்தது. வீட்டுக்காரர் ஆவலோடு மனைவியைப் பார்த்தார். அவர் எழுந்து போய்ச் சமையலறைக்குப் பின்னால் இருந்த அலமாரியைத் திறந்தார். தொட்டியின் மேல் ஒரு நிமிடம் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

"எட்டுப் பேருக்கு முந்நூற்று நாற்பத்து நான்கு லிட்டர் வேண்டும்" என்று சொல்லிவிட்டு அலமாரியை மூடினார்.